சராசரியும் சமநீதியும்

கோவில்பட்டியிலிருந்து சங்கரன்கோவிலுக்குச் செல்லும் சாலையில் இடைவழியில் உள்ளது கழுகுமலை. நம் வாசகர்களுக்கு அம்மலையைப் பற்றி விரித்துரைக்க வேண்டுவதில்லை. கி.பி. 8, 9ஆம் நூற்றாண்டுகளில், பாண்டியர் ஆட்சிக் காலத்தில், அப்பாறையில் வரிசை வரிசையாகத் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் செதுக்கப்பட்டன. தொலைவில் நின்று காண்போர்க்கு அவை ஒன்றுபோலவே தோன்றும். அதே அமர்ந்த கோலம், அதே முக்குடை, அதே அமைதி. அருகில் சென்று குனிந்து நோக்கினால், உருவங்களின் கீழே வட்டெழுத்தில் தனித்தனிப் பெயர்களைக் காணலாம். இன்ன ஊரினராகிய இன்னார் செய்வித்த திருமேனி என்னும் குறிப்புகள் அவை. குரத்தியர் எனப்பட்ட பெண்பால் ஆசிரியர்களின் பெயர்களும் அவற்றுள் உண்டு.

அண்மையில் அம்மலையை வணங்கிவிட்டு, இன்று தென்காசி மாவட்டத்தைச் சேர்ந்த சங்கரன்கோவிலுக்குச் சென்றிருந்தோம். பாதி சிவனாகவும் பாதி திருமாலாகவும் அமைந்த சங்கரநாராயணர் கோயிலால் பெயர் பெற்ற ஊர் அது. சங்கன், பதுமன் என்னும் இரு நாகர்கள் தத்தம் கடவுளே பெரியவர் என்று வாதிட்டதாகவும், அம்மையின் தவத்திற்கு இரங்கி இரு பாதியும் ஓருருவாய்க் காட்சி தந்ததாகவும் தலபுராணம் கூறுகிறது. ஆடித்தபசு விழா அதன் நினைவே. நம் சமயக் கொள்கை வேறு. ஆயினும், வழக்காடிய இருவரும் தத்தம் பகுதியை இழக்காமலே ஓரிடத்தில் அமைதி காணலாம் என்னும் எண்ணம் நமக்கு அயலானதன்று.

நாம் அங்கே சென்றது ஓய்வு பெற்ற கணித ஆசிரியர் ஒருவரைக் காண்பதற்காக. விசைத்தறிகளின் ஓசை இடையறாது கேட்கும் தெரு ஒன்றில் அவர் வாழ்கிறார். நெடுநாள் பழக்கமுடையவர். பேச்சினிடையே அவர் ஒரு பழைய குறிப்பேட்டை எடுத்து வந்து நம் முன் வைத்து, ஒரு வினாவை எழுப்பினார். அவ்வினா கணக்கில் தொடங்கி அறத்தில் முடிந்தது. இக்கட்டுரை அதற்கு நாம் தேடிய விடை.

ஆசிரியரின் வினா

புரிவதற்காக எண்களை எளிமையாக்கிக்கொண்டு அவர் கூறியது இதுதான்.

“ஐயா, இரண்டு பள்ளிகளை எடுத்துக்கொள்வோம். இரண்டிலும் ஆறாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளைகளின் சராசரி மதிப்பெண் 60. பத்தாம் வகுப்பில் இரண்டிலும் சராசரி 75. வளர்ச்சி 15. மேலிருந்து பார்ப்பவர்கள் இரண்டும் ஒரே தரம் என்று எழுதிக்கொண்டு போய்விடுகிறார்கள். ஆனால் உள்ளே சென்று பாருங்கள். முதற்பள்ளியில் 45 மதிப்பெண்ணோடு வந்த பிள்ளை 65க்கு உயர்ந்திருக்கிறான். 75 மதிப்பெண்ணோடு வந்தவன் 85க்கு உயர்ந்திருக்கிறான். இரண்டாம் பள்ளியில் 45 மதிப்பெண்ணோடு வந்தவன் 55இல் நின்றுவிட்டான். 75 மதிப்பெண்ணோடு வந்தவன் 95ஐ எட்டிவிட்டான். ஒன்று பின்தங்கியவனைக் கைதூக்கி விடுகிறது. மற்றொன்று முந்தியவனை மேலும் முன்னே தள்ளுகிறது. இரண்டையும் ஒரே பள்ளி என்று சொல்லலாமா?”

சொல்லலாகாது என்று எவரும் விடை கூறுவர். ஆனால் கணக்கு அவ்விடையை எளிதில் கூறுவதில்லை. இரு பள்ளிகளையும் ஒன்றாகச் சேர்த்துக் கணக்கிட்டால், 45இல் தொடங்கியவரும் சராசரியாக 15 உயர்ந்துள்ளனர். 75இல் தொடங்கியவரும் சராசரியாக 15 உயர்ந்துள்ளனர். ஆகவே, தொடக்க நிலைக்கும் வளர்ச்சிக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை என்பதே முடிவு. கூட்டல் கழித்தலில் பிழையில்லை. ஆனால் அம்முடிவு முதற்பள்ளிக்கும் பொருந்தாது. இரண்டாம் பள்ளிக்கும் பொருந்தாது. உலகில் இல்லாத மூன்றாவது பள்ளி ஒன்றைப் பற்றிய உண்மை அது.

இரண்டு அளவுகள் சேர்ந்து உயர்கின்றனவா, ஒன்று உயர மற்றொன்று தாழ்கிறதா என்பதைக் காட்டும் எண்ணைப் புள்ளியியலார் உடன்மாறுபாடு என்பர். முதற்பள்ளியில் தொடக்கத்திற்கும் வளர்ச்சிக்கும் இடையே உள்ள உடன்மாறுபாடு எதிர்க்குறி உடையது; இரண்டாம் பள்ளியில் நேர்க்குறி உடையது. சேர்த்துப் பார்க்கையில் இரண்டும் ஒன்றையொன்று விழுங்கிப் பூச்சியமாகிவிடுகின்றன. ஒரு பள்ளியின் நல்வினையும் மற்றொரு பள்ளியின் குறையும் ஒரே கணத்தில் மறைந்துபோகின்றன. 55இல் நின்றுவிட்ட அப்பிள்ளையும் அவற்றோடு மறைந்துபோகிறான்.

அளவையாளர் சென்ற வழி

இத்தகைய தரவுகளை ஆராய்வதற்குக் கலப்பு விளைவு முறை என்று ஒன்று உண்டு. கால்நடைகளின் மரபுத் திறத்தை மதிப்பிடும் பொருட்டு அமெரிக்க அறிஞர் சார்லஸ் ஹென்டர்சன் 1950ஐ ஒட்டிய ஆண்டுகளில் இதற்கு அடித்தளமிட்டார். ஒரே மனிதரைப் பலமுறை அளந்து பெறும் தரவுகளுக்கு ஏற்றவாறு நேன் லெயர்டு, ஜேம்ஸ் வேர் ஆகிய இருவர் 1982இல் இதனை வகுத்துரைத்தனர். இன்று மருத்துவம், வேளாண்மை, கல்வி ஆகிய துறைகளில் இது பெருவழக்காக உள்ளது.

இம்முறை ஒரு மாணவனின் மதிப்பெண்ணை மூன்று கூறுகளாகக் காண்கிறது. அனைவர்க்கும் பொதுவானது ஒன்று. அம்மாணவனுக்கே உரிய தொடக்கமும் வளர்ச்சியும் மற்றொன்று. அன்றைய தேர்வின் தற்செயல் மூன்றாவது. காய்ச்சலோ, தெரிந்த வினா வந்த நல்வாய்ப்போ இதில் அடங்கும். மூன்றையும் பிரித்தறிவதால் ஒரு நன்மை உண்டு. முதல் தேர்வில் தற்செயலாகத் தாழ்ந்தவன் அடுத்த தேர்வில் தானாகவே சற்று உயர்வான். அதனைப் பள்ளியின் திறமை என்று மயங்கிவிடாமல் இம்முறை காக்கிறது. நம் ஆசிரியரின் முதற்பள்ளியையும் இச்சோதனைக்கு உட்படுத்திய பின்னரே பாராட்ட வேண்டும்.

இரண்டாவது கூறில்தான் நம் வினா அடங்கியுள்ளது. மாணவர்களின் தொடக்கம் எவ்வளவு பரந்துள்ளது, வளர்ச்சி எவ்வளவு பரந்துள்ளது, இரண்டும் எவ்வாறு உடன்மாறுகின்றன என மூன்று எண்கள் அதற்கு வேண்டும். வழக்கமாக இம்மூன்று எண்களும் எல்லாக் குழுக்களுக்கும் ஒன்றே எனக் கொண்டுவிடுகின்றனர். ஒவ்வொரு பள்ளிக்கும் தனிச் சராசரி தருவதோடு அவர்களின் தாராளம் முடிந்துவிடுகிறது. ஒவ்வொரு பள்ளிக்கும் தனிப் பரவலும் தனி உடன்மாறுபாடும் தர வேண்டுமா என்பதே கேள்வி.

இது புதிய கேள்வியன்று. நம் நாட்டுப் புள்ளியியலின் தந்தையாகிய பிரசாந்த சந்திர மகலனோபிசு 1936இல் வெளியிட்ட புகழ்பெற்ற தொலைவுக் கோட்பாடு, இரண்டு மக்கட் குழுக்கள் எவ்வளவு வேறுபட்டன என்பதைப் பல உடல் அளவுகளைச் சேர்த்து ஒரே எண்ணால் கூறுவது. குழுக்கள் அனைத்திற்கும் உடன்மாறுபாட்டு அமைப்பு பொதுவானது என்னும் கருதுகோளின்மேல் அது நிற்கிறது. அக்கருதுகோள் எப்போதும் உண்மையாக வேண்டும் என்பதில்லை. குழுக்களின் பரவல் ஒன்றுதானா என்று சோதிக்கும் வழியை இங்கிலாந்தில் பார்ட்லெட் 1937இல் வகுத்தார். உடன்மாறுபாடுகளையும் சேர்த்துச் சோதிக்கும் வழியை பாக்ஸ் 1949இல் வகுத்தார்.

சோதிக்காமல் விட்டால் என்ன கேடு விளையும் என்பதை எடின்பரோவைச் சேர்ந்த வில்லியம் ஹில் 1984இல் எடுத்துக்காட்டினார். பரவல் மிகுந்த மந்தைகளும் குறைந்த மந்தைகளும் உள்ளன. எல்லாவற்றிலிருந்தும் சிறந்த கால்நடைகளை ஒரே அளவுகோலால் தெரிவு செய்தால், தெரிவானவற்றுள் பெரும்பங்கு பரவல் மிகுந்த மந்தைகளிலிருந்தே வந்துவிடும். அப்பரவல் உள்ளார்ந்த மரபுத் திறத்தால் வந்ததா, தீவனமும் பராமரிப்பும் போன்ற சூழலால் வந்ததா என்று பிரித்தறியாவிட்டால், சூழலின் சிறப்பை உயிரின் சிறப்பாகப் போற்றிவிடுவோம். மனிதரிடையே இப்பிழை நேர்வது இல்லையா என்பதை வாசகர்கள் தாமே எண்ணிப் பார்க்கலாம்.

பள்ளிக்கே திரும்புவோம். வேறு இரு பள்ளிகள். ஒவ்வொன்றிலும் 100 பிள்ளைகள். இரண்டிலும் சராசரி 60. சராசரியிலிருந்து மதிப்பெண்கள் விலகி நிற்கும் அளவாகிய திட்ட விலக்கம் ஒன்றில் 5, மற்றொன்றில் 15 எனக் கொள்வோம். மதிப்பெண்கள் இயல்நிலைப் பரவலில் அமையுமாயின், முதற்பள்ளியில் 35க்குக் கீழே விழுபவர் எவருமிலர் எனலாம். இரண்டாம் பள்ளியில் ஏறத்தாழ 5 பிள்ளைகள் விழுவர். இரு பள்ளிகளுக்கும் பரவல் ஒன்றே எனக் கொண்டு கணக்கிட்டால், ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ ஒருவர் என்றே விடை வரும். உதவி ஆசிரியர் ஒருவரை எங்கே அனுப்புவது என்று முடிவு செய்பவர் இரண்டும் ஒன்றுதானே என்று இருந்துவிடுவார். அந்த ஐந்து பிள்ளைகளும் எந்தப் பட்டியலிலும் இடம்பெறமாட்டார்கள்.

ஆகவே ஒரு குழுவிற்கு அதன் சராசரியை மட்டும் தந்துவிட்டு நீதி செய்துவிட்டோம் என்று அமைதல் கூடாது. அக்குழுவினுள் மக்கள் எவ்வாறு பிரிந்து நிற்கின்றனர், ஒருவரது ஏற்றமும் இறக்கமும் எதனோடு பிணைந்துள்ளன என்பவற்றையும் அதற்கே உரியனவாகக் கொள்ள வேண்டும்.

மறுபுறத்துக் குழி

அங்ஙனமாயின், ஒவ்வொரு குழுவையும் முற்றிலும் தனியே கணக்கிட்டுவிடலாமே எனத் தோன்றும். அங்கும் ஒரு குழி உள்ளது.

ஆறு பாடங்களின் மதிப்பெண்களை எடுத்துக்கொண்டால், ஆறு பரவல்களும் பதினைந்து உடன்மாறுபாடுகளுமாக ஒரு பள்ளிக்கு 21 எண்கள் வேண்டும். பத்துப் பள்ளிகளுக்கு 210. ஒரு சிற்றூர்ப் பள்ளியின் வகுப்பில் 12 பிள்ளைகள்தாம் இருக்கின்றனர் என்றால், அவர்களைக் கொண்டு 21 எண்களை நம்பிக்கையோடு அறிவது இயலாது. ஒரு பிள்ளையின் ஒருநாள் காய்ச்சல் அவ்வெண்களை நிலைகுலையச் செய்துவிடும். பின்னர் அதனை அப்பள்ளியின் இயல்பு என்றே எழுதி வைப்போம். வேறுபாட்டை மதிப்பதாக எண்ணி, வெறுந்தற்செயலுக்கு வேறுபாடு என்று பெயரிட்ட குற்றம் நம்மைச் சாரும். ஒருவரையோ இருவரையோ கண்டுவிட்டு, இந்த ஊரார் இப்படி, அந்தக் குலத்தார் அப்படி என்று உலகோர் பேசும் பேச்சு இந்த இனத்தைச் சேர்ந்ததே.

நம் ஆன்றோர் இவ்விடத்தில் வழிகாட்டியுள்ளனர். தத்துவார்த்த சூத்திரம் நயங்களை ஏழாக வகுக்கிறது. அவற்றுள் சங்கிரக நயம் பலவற்றையும் தொகுத்து அவற்றின் பொதுமையைக் காண்பது. வியவகார நயம் தொகுத்ததைப் பகுத்து அதனதன் சிறப்பைக் காண்பது. நைகம நயம் பொதுமை, சிறப்பு என்னும் இரண்டையும் ஒருங்கே உளங்கொள்வது. ஒவ்வொன்றும் உண்மையின் ஒரு கூறினைக் காட்டும் பார்வை. தான் காண்பதே முழுமை என்று கூறிப் பிறவற்றை மறுக்கத் தொடங்கிய உடனே நயம் நயாபாசமாகிவிடுகிறது.

எல்லாப் பள்ளிகளும் ஒன்றே என்பவர் சங்கிரக நயத்தை ஏகாந்தமாகப் பற்றியவர். எப்பள்ளிக்கும் எப்பள்ளிக்கும் தொடர்பில்லை என்பவர் வியவகார நயத்தை ஏகாந்தமாகப் பற்றியவர். கலப்பு விளைவு முறை இடைவழி ஒன்றைக் காண முயல்கிறது. தரவு மிகுந்த குழு தன் குரலிலேயே பேச விடப்படுகிறது. தரவு குறைந்த குழு பொதுமையை நோக்கிச் சற்றே இழுக்கப்பட்டு, பிறரிடமிருந்து வலிமையைக் கடனாகப் பெறுகிறது. எந்த அளவு இழுப்பது என்பதைத் தரவே தீர்மானிக்கிறது. வேறுபாடு உண்டு என்று கூறுவோர் அதற்குரிய சான்றைத் தர வேண்டும்; வேறுபாடு இல்லை என்று கூறுவோர் அதனைச் சோதித்துப் பார்த்திருக்க வேண்டும்.

அளவையியலையும் அனேகாந்தத்தையும் இவ்வாறு இணைத்துப் பேசுவது நம் கற்பனையன்று. மகலனோபிசு 1954இல் எழுதிய புள்ளியியலின் அடிப்படைகள் பற்றிய கட்டுரையில் சியாத்வாதத்தை விரிவாக எடுத்துக்கொண்டு, நிகழ்தகவுச் சிந்தனைக்கு அது நெருங்கியது என்றார். அவர் நிறுவிய சாங்கியா இதழில் 1957இல் அக்கட்டுரை மறுபடியும் வெளிவந்தபோது, உயிரியல் அறிஞர் ஹால்டேன் சியாத்வாதத்தைப் பற்றித் தாம் எழுதிய கட்டுரையையும் உடன் வெளியிட்டார். இதனைக் கூறுவது பழம்பெருமை பாராட்டுவதற்கன்று. நம் ஆசாரியர்கள் புள்ளியியலை முன்பே கண்டுவிட்டனர் என்று கூறினால் அதுவும் ஓர் ஏகாந்தமே. அவர்கள் எண்களைக் கொண்டு கணக்கிடவில்லை. ஒரு கூற்றினை எந்த நிலையில், எந்த வரம்புக்குட்பட்டு உரைக்கிறோம் என்பதை மறவாதிருக்கக் கற்பித்தனர். இக்கணக்கிற்கும் அந்தப் பயிற்சியே வேண்டும்.

ஒரு பிள்ளையின் 70 மதிப்பெண்

இதுவரை குழுக்களைப் பற்றிப் பேசினோம். ஆசிரியரின் வினாவில் இதனினும் கடுமையான பகுதி ஒன்று இருந்தது. குறிப்பேட்டை மூடிய பின் அவர் கேட்டார்:

“சரி ஐயா, ஒவ்வொரு பள்ளிக்கும் தனிக் கணக்கு வைத்துவிட்டோம். இப்போது ஒரே ஓர் இடம் இருக்கிறது. இரண்டு பள்ளிகளிலிருந்தும் ஒவ்வொரு பிள்ளை 70 மதிப்பெண்ணோடு வந்து நிற்கிறான். உங்கள் கணக்கு இருவரையும் சமமாகவா பார்க்கும்?”

பார்க்காது என்பதே உண்மை. மேற்கூறிய இரு பள்ளிகளையே எடுத்துக்கொள்வோம். ஒரே பிள்ளை அதே தரத்துத் தேர்வை மீண்டும் எழுதினால் ஏறத்தாழ 3 மதிப்பெண் கூடியோ குறைந்தோ வரலாம் எனக் கொள்வோம். பரவல் குறைந்த பள்ளியில் 70 பெறுவது அரிது. ஆகவே அதில் ஒரு பங்கு தற்செயலாக இருக்கக்கூடும் எனக் கணக்கு ஐயுற்று, அப்பிள்ளையின் உண்மைத் திறத்தை 66.4 என மதிப்பிடும். பரவல் மிகுந்த பள்ளியில் 70 பெறுவது இயல்பாக நிகழ்வது. ஆகவே அங்கே மதிப்பீடு 69.6 ஆகும். ஒரே வினாத்தாள், ஒரே மதிப்பெண்; பிள்ளை வந்த இடத்தைக் கொண்டு 3 மதிப்பெண்ணுக்கு மேல் வேறுபாடு.

இக்கணக்கில் பிழையில்லை. ஆயிரம் பிள்ளைகளை இவ்வாறு மதிப்பிட்டால் மொத்தப் பிழை குறையவே செய்யும். ஆயினும் 66.4 என்று எழுதப்பட்ட பிள்ளையிடம் நாம் என்ன கூறுவோம்? “நீ எழுதியது 70தான். உன்னோடு படித்தவர்கள் உன்னளவு உயராமையால் உன்னை நாங்கள் முழுதும் நம்பவில்லை” என்றா? அமெரிக்கப் பொருளியலறிஞர் எட்மண்ட் ஃபெல்ப்ஸ் 1972இல் இதனைச் சுட்டிக்காட்டினார். ஒருவரைப் பற்றிய நேரடிச் சான்று தெளிவற்றிருக்கும்போது, வேலை தருபவர் அவரது குழுவைக் கொண்டு அவரை எடைபோடுகிறார். வெறுப்பு சிறிதும் இல்லாமலே, வெறுங்கணக்கினாலேயே, அநீதி நேர்ந்துவிடுகிறது.

ஆகவே நாம் கொண்ட முடிவு இது. குழுவின் தனியமைப்பை அறிவது உதவி செய்வதற்கு; எந்தப் பள்ளிக்கு எவ்வகை ஆசிரியர் வேண்டும், யாரைக் கைதூக்கிவிட வேண்டும் என்று அறிவதற்கு. ஒரு தனி மனிதரைத் தராசில் நிறுத்தும்போது, அவரது குழுவை மறுதட்டில் கல்லாக வைத்தல் ஆகாது. அதனால் சில முடிவுகள் சற்றுப் பிழையாகலாம் என்பதை ஒப்புக்கொள்கிறோம். அப்பிழையை ஏற்பது, ஒரு பிள்ளையைப் பிறரது குறைக்காகத் தண்டிப்பதைக் காட்டிலும் மேலானது.

இங்கே ஒரு தடை எழலாம். தமிழ்நாட்டில் 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தொழிற்கல்விக்கான நுழைவுத் தேர்வு நீக்கப்பட்டபோது, வெவ்வேறு கல்வி வாரியங்களின் மதிப்பெண்களைச் சமன்செய்யும் முறை வகுக்கப்பட்டது. மாநில வாரியத்தில் ஒரு பாடத்தின் முதல் மதிப்பெண் 100 எனவும், பிறிதொரு வாரியத்தில் முதல் மதிப்பெண் 90 எனவும் இருப்பின், இரண்டும் 100க்கு இணையாகக் கொள்ளப்படும். அந்த வாரியத்தில் 60 பெற்றவர் 66.66 பெற்றவராவார். இதுவும் குழுவைப் பார்ப்பதுதானே என்று கேட்கலாம்.

அன்று. அளவுகோல்கள் வேறுபடும்போது அவற்றைத் திருத்திக்கொள்வது வேறு. அளவுகோல் ஒன்றாயிருக்க, அளக்கப்படுபவரின் கூட்டத்தைப் பார்த்து அளவை மாற்றுவது வேறு. ஒருவர் முழத்தாலும் மற்றவர் மீட்டராலும் துணி அளந்தால் ஒன்றாக்கித்தான் ஆகவேண்டும். நம் ஆசிரியரின் இரு பிள்ளைகளோ ஒரே மீட்டர்க்கோலால் அளக்கப்பட்டவர்கள். ஆயினும் அச்சமன்செய்யும் முறையிலிருந்தும் நாம் ஒன்று கற்கலாம். அது உச்சியில் நிற்கும் ஒருவரின் மதிப்பெண்ணை மட்டும் கொண்டு அளவுகோலைத் திருத்துகிறது. உச்சிக்குக் கீழே பிள்ளைகள் எவ்வாறு பரந்து நிற்கின்றனர் என்பதை அது கேட்பதில்லை. உச்சி ஒன்றாகவும் பரவல் வேறாகவும் உள்ள இரு வாரியங்களை அது ஒன்றெனவே கொள்ளும். சராசரியை மட்டும் பார்ப்பது போன்றதே உச்சியை மட்டும் பார்ப்பதும்.

மீண்டும் ஒருமுறை பார்த்தல்

ஆசிரியருக்கு இவ்விடையைக் கூறியபோது அவர் முழுதும் நிறைவடையவில்லை. “கணக்கு ஒன்று சொல்கிறது, அறம் வேறொன்று சொல்கிறது என்று விட்டுவிடுவதா?” என்றார். அவ்வாறு விட வேண்டுவதில்லை. அதே கணக்கினுள்ளேயே அமைதிக்கு வழி இருக்கிறது.

அவ்விரு பிள்ளைகளையும் ஒரு தேர்வால் அளவாமல் ஒன்பது தேர்வுகளால் அளந்து பார்ப்போம். இருவரது சராசரியும் 70 என்றே வந்தால், இப்போது கணக்கு கூறும் மதிப்பீடு என்ன? பரவல் குறைந்த பள்ளியின் பிள்ளைக்கு 69.4, மற்றவனுக்கு 69.95. மூன்றுக்கு மேலிருந்த வேறுபாடு அரை மதிப்பெண்ணளவாகச் சுருங்கிவிட்டது. இன்னும் அளந்தால் இன்னும் சுருங்கும். ஒருவரைப் பற்றி நாம் நேரே அறிவது கூடக்கூட, அவர் எந்தக் கூட்டத்திலிருந்து வந்தார் என்பதன் எடை குறைந்துகொண்டே வருகிறது. குழுவின் நிழல் ஒருவர்மேல் கனமாக விழுவதற்குக் காரணம் அவரை நாம் போதிய அளவு பாராமையே.

இவ்வுண்மை கணக்கேடுகளோடு நின்றுவிடுவதன்று. கடன் கேட்டு வருபவர், வீடு வாடகைக்குக் கேட்பவர், வேலை கேட்டு வாயிலில் நிற்பவர் ஆகியோரைக் கண்டவுடன் ஊரையும் குலத்தையும் கொண்டு நாமும் மனத்திற்குள் ஒரு 66.4ஐ எழுதிவிடுகிறோம். அதனை எழுதும் கை நம்முடையதே என்பதை உணர்ந்தால், மறுமுறை பார்க்கும் கடமையும் நம்முடையதே என்பது விளங்கும். பிறவுயிரைத் துன்புறுத்தாமை நம் முதல் விரதம். போதிய அளவு பாராமலே ஒருவரைத் தீர்மானிப்பதும் துன்புறுத்தலில் சேரும் என்றே நாம் கருதுகிறோம்.

ஆசிரியர் சற்றுநேரம் பேசாதிருந்தார். பின்னர், இரண்டாம் பள்ளியில் 55இல் நின்றுவிட்ட பிள்ளைகளின் பெயர்கள் தம் குறிப்பேட்டில் இருப்பதாகவும், அவர்களுள் இருவர் இப்போது அருகிலேயே தறி ஓட்டுவதாகவும், அவர்களை மாலையில் வந்து படிக்கச் சொல்லலாமா என்று எண்ணுவதாகவும் கூறினார். சராசரியைப் பற்றிப் பேசத் தொடங்கியவர் பெயர்களில் வந்து நின்றார்.

திரும்பி வருகையில் பேருந்து கழுகுமலையைக் கடந்தது. சாலையிலிருந்து மலை மட்டுமே தெரிந்தது. உருவங்களைக் காண மேலே ஏற வேண்டும். அவற்றின் கீழுள்ள பெயர்களைப் படிக்க இன்னும் அருகில் செல்ல வேண்டும்.